ஒரே ஒரு கட்டளையில் ஒரு டிஸ்க்கின் தலையெழுத்து: பெங்களூருவின் ஃபார்மேட் அதிசயங்கள் தெரியுமா?

பெங்களூரு டவுன் ஹாலைத் தாண்டினால் எஸ்.பி. ரோடு. மதர்போர்டு, மெமரி, கேபிள், மானிட்டர் என்று கணினியின் எந்த உறுப்பைக் கேட்டாலும் எடுத்து நீட்டும் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெரு. அங்கே ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். லினக்ஸ் கணினியில் இணையுங்கள். டெர்மினலைத் திறந்து, ‘எம்கேஎஃப்எஸ்’ என்று தொடங்கும் ஒரே ஒரு வரியைத் தட்டி என்டர் அழுத்துங்கள். சில விநாடிகளில் டிஸ்க் தயார்!

அந்தச் சில விநாடிகளுக்குள் என்னென்ன முடிவாகிவிடுகிறது தெரியுமா? டிஸ்க்கில் மொத்தம் எத்தனை கோப்புகள் வைக்கலாம், அதன் நாள்காட்டி எந்த ஆண்டோடு தீர்ந்துபோகும், அடிபட்டால் எந்தெந்த இடத்திலிருந்து பிழைத்து எழும்... எல்லாம்! இவற்றில் சில முடிவுகளைப் பிறகு மாற்றவே முடியாது. இன்னொரு வியப்பும் உண்டு. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் பெங்களூருவில் உட்கார்ந்து நிரல் எழுதியவர்களின் உழைப்பு இருக்கிறது. சிதம்பரத்தில் படித்த ஒரு தமிழரின் பெருங்கனவும் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஃபார்மேட் செய்தால் பழையது அழியாது, தெரியுமா?

1 டிபி ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் எழுதி முடிக்க, விநாடிக்கு 150 எம்பி வேகம் என்று வைத்தாலும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகெப்படிச் சில விநாடிகளில் ஃபார்மேட் முடிகிறது? டிஸ்க்கின் பெரும்பகுதியை அந்தக் கட்டளை தொடுவதே இல்லை!

பெங்களூருவில் நகர வளர்ச்சி ஆணையமான பிடிஏ லேஅவுட் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வீடு ஒன்றுகூட எழும்பாத நிலத்தில் முதலில் மனை அளந்து, எண் கொடுத்து, பதிவேடு திறந்துவிடுவார்கள். மண் அப்படியே கிடக்கும். ஃபார்மேட்டும் அதைத்தான் செய்கிறது. புதிய பதிவேடுகளை எழுதி, ‘எல்லா இடமும் காலி’ என்று குறித்துவிட்டு எழுந்துவிடுகிறது. உங்கள் பழைய புகைப்படங்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் அந்த மண்ணிலேயே கிடக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன! பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்பவர்கள் ‘ஃபார்மேட் பண்ணிவிட்டேன்’ என்று நிம்மதியாக இருக்கக் கூடாது என்பது இதனால்தான். விற்கும் முன் டிஸ்க் முழுவதும் ஒருமுறை எழுதி அழிப்பதே பாதுகாப்பு.

இதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பதிவேடுகளைக்கூட ஃபார்மேட் கட்டளை முழுதாக எழுதி முடிப்பதில்லை. மிச்சத்தை, நீங்கள் டிஸ்க்கை முதன்முதலாக மவுண்ட் செய்த பிறகு, லினக்ஸ் கர்னல் பின்னணியில் ஓசைப்படாமல் எழுதி முடிக்கிறது! புத்தம் புது டிஸ்க்கில் எதுவும் செய்யாதபோதும் விளக்கு மினுமினுத்துக்கொண்டே இருந்தால் பதற வேண்டாம். அது இந்த வேலையாகவும் இருக்கலாம்.

எஸ்எஸ்டியில் கதையே வேறு!

அதே கட்டளை எஸ்எஸ்டியில் ஓடும்போது, ‘இந்தப் பார்ட்டிஷன் முழுவதும் எனக்குத் தேவையில்லை’ என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. இதற்கு டிஸ்கார்டு என்று பெயர். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் என்ற இரண்டு கோப்பு முறைமைகளின் ஃபார்மேட் கட்டளைகளும், டிஸ்க் இதை ஏற்கும் வகையாக இருந்தால், கேட்காமலேயே செய்துவிடும். அதன்பிறகு பழைய தரவை மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். ஹார்ட் டிஸ்க்கில் தப்பிக்க வழி உண்டு, எஸ்எஸ்டியில் அனேகமாக இல்லை. கட்டளை என்னவோ ஒன்றுதான்!

1 டிபி வாங்கினால் கையில் கிடைப்பது 870, தெரியுமா?

டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 1 டிபி என்கிறார்கள். கணினியோ 1024ஆல் பெருக்கிப் பார்க்கிறது. ஆகவே 1 டிபி, கணினியின் கணக்கில் 931 ஜிபி. வழக்கமான அமைப்பில் எக்ஸ்ட்4ஆக ஃபார்மேட் செய்ததும் 916. நீங்கள் உண்மையில் பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 870!

எங்கே போனது? 931க்கும் 916க்கும் இடையே உள்ளது கோப்புப் பதிவேட்டுக்குப் போன இடம். 916க்கும் 870க்கும் இடையே உள்ளதுதான் சுவாரசியம். டிஸ்க்கில் 5 சதவீதத்தை எக்ஸ்ட்4 ‘ரூட்’ என்னும் நிர்வாகிக்கு மட்டும் ஒதுக்கிவைக்கிறது. மற்றவர்கள் டிஸ்க்கை நிரப்பிவிட்டாலும் கணினி மூச்சுத் திணறாமல் ஓட வேண்டும் என்பதற்கான முன்யோசனை இது. யூனிக்ஸ் உலகில் 1980களிலேயே வந்துவிட்ட பழக்கம்.

இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு இது அவசியம்தான். ஆனால் கல்யாண வீடியோக்களை மட்டும் சேமித்துவைக்கும் தனி டிஸ்க்குக்கு எதற்கு? 10 டிபி டிஸ்க் என்றால் 500 ஜிபி சும்மா கிடக்கும்! ஃபார்மேட் செய்யும்போது ‘-எம் 1’ என்று சேர்த்தால் ஒதுக்கீடு 1 சதவீதமாகிவிடும். ஏற்கெனவே தரவு நிரம்பிய டிஸ்க்கா? கவலையே வேண்டாம். ‘ட்யூன்2எஃப்எஸ்’ கட்டளையால் எந்த நாளிலும் மாற்றலாம், ஒரு கோப்புகூட அசையாது!

டிஸ்க்கில் இடம் இருக்கும், ஆனாலும் ‘இடமில்லை’ என்னும்!

பாதி டிஸ்க் காலி. ஆனால் ஒரு சின்னக் கோப்பைக்கூட உருவாக்க முடியவில்லை, ‘டிஸ்க்கில் இடமில்லை’ என்கிறது கணினி. இப்படியும் நடக்கும், தெரியுமா?

ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோட்’ என்று ஒரு பதிவு உண்டு. கோப்பின் உரிமையாளர் யார், அளவு என்ன, எப்போது மாறியது, டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் அதில் இருக்காது, அது டைரக்டரியில் இருக்கும்! எக்ஸ்ட்4 ஃபார்மேட் ஆகும்போதே மொத்தம் எத்தனை ஐநோட் என்று எண்ணி முடித்துவிடுகிறது. வழக்கமாக ஒவ்வொரு 16,384 பைட்டுக்கும் ஒன்று. 1 டிபி டிஸ்க்குக்கு சுமார் 6 கோடியே 10 லட்சம் ஐநோட்கள்! ஒவ்வொன்றும் 256 பைட். கூட்டிப் பாருங்கள், 15 ஜிபிக்கு மேல் பதிவேட்டுக்கே போய்விடுகிறது.

6 கோடி போதாதா என்று தோன்றும். மின்னஞ்சல் சர்வரில் ஒவ்வொரு கடிதமும் ஒரு கோப்பு என்றால், சில கேபி அளவுள்ள கோப்புகள் கோடிக்கணக்கில் குவிந்துவிடும். இடம் தீரும் முன்பே ஐநோட் தீர்ந்துவிடும்! ஃபார்மேட் செய்த பிறகு இந்த விகிதத்தை மாற்ற வழியில்லை. எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றி, மறுபடி ஃபார்மேட் செய்துதான் தீர வேண்டும்.

அதனால்தான் கட்டளையிலேயே தேர்வு கொடுத்திருக்கிறார்கள். ‘நியூஸ்’ என்ற வகையைச் சொன்னால் 4,096 பைட்டுக்கு ஒரு ஐநோட். யூஸ்நெட் செய்திக் குழுக்களின் எண்ணற்ற சின்னச் சின்னக் கோப்புகளுக்காக அந்தக் காலத்தில் வைத்த பெயர், இன்றும் அப்படியே இருக்கிறது! ‘லார்ஜ்ஃபைல்’ என்றால் 1 எம்பிக்கு ஒன்று. வீடியோ டிஸ்க்குக்கு அது தாராளம். பதிவேடு சுருங்கி, இடமும் மிச்சம்!

எக்ஸ்எஃப்எஸ் இந்தத் தலைவலியை வேறு விதமாகத் தீர்த்தது. அது ஐநோட்களை முன்கூட்டி எண்ணிவைப்பதில்லை, தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்கிறது. பதிலுக்கு ஒரு கண்டிப்பு: எக்ஸ்எஃப்எஸ் பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம், எக்ஸ்ட்4 போலச் சுருக்க முடியாது. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று கட்டளை தட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்!

256ஆ, 512ஆ? ஒரு எண்ணுக்குள் ஒரு பெங்களூரு வரலாறு!

இப்போது சொல்லப்போவதுதான் உச்சம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர் ஆனந்த் பாபு பெரியசாமி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் அவர் இருந்தபோது, லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்துக்காக அந்த நிறுவனம் உருவாக்கியது ‘தண்டர்’ சூப்பர்கம்ப்யூட்டர். 2004 ஜூன் மாத உலகத் தரவரிசையில் அது எந்த இடம் தெரியுமா? இரண்டாம் இடம்!

அடுத்த ஆண்டே, 2005இல், சாதாரண சர்வர்களின் டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்து ஒரே மாபெரும் சேமிப்பகமாக மாற்றும் முயற்சி தொடங்கியது. அதுதான் கிளஸ்டர்எஃப்எஸ். அமெரிக்காவில் அலுவலகம் இருந்தாலும் நிரல் எழுதும் பட்டறையாக விளங்கியது பெங்களூரு. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் இதை வாங்கியது. விலை? 13 கோடியே 60 லட்சம் டாலர்!

இதில் ஃபார்மேட் எங்கே வந்தது என்கிறீர்களா? எந்தக் கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது என்று குறித்துவைக்க கிளஸ்டர்எஃப்எஸ்ஸில் தலைமைப் பதிவாளர் என்று தனியாக ஒரு கணினியே கிடையாது. கோப்பின் பெயரைக் கணக்குப் போட்டே அது இருக்கும் சர்வரைக் கண்டுபிடித்துவிடும்! கோப்பின் அடையாள எண், பிரதிகளின் நிலவரம் போன்ற குறிப்புகளை அந்தந்தக் கோப்போடேயே, கூடுதல் பண்புகளாக எழுதிவைக்கும்.

அந்தக் கூடுதல் பண்புகளுக்கு இடம் எது? ஐநோட்டுக்குள் இடமிருந்தால் அங்கேயே. இல்லையென்றால் டிஸ்க்கில் வேறொரு பிளாக்கில். அன்றைய எக்ஸ்எஃப்எஸ் ஐநோட் 256 பைட். அதில் 100 பைட் எக்ஸ்எஃப்எஸ்ஸின் சொந்தக் கணக்குக்கே போய்விடும். மிச்சமிருக்கும் 156 பைட்டில் கோப்பு கிடக்கும் இடங்களின் வரைபடமும் வேண்டும், கிளஸ்டரின் குறிப்புகளும் வேண்டும் என்றால் எப்படிப் போதும்? பிதுங்கி வெளியே போய்விடும். அப்புறம் ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் டிஸ்க்கின் முள் இரண்டு இடத்துக்கு ஓட வேண்டும்!

தீர்வு ஒரே ஒரு எண். ‘-ஐ சைஸ்=512’. கிளஸ்டரின் கையேடுகளில் ஃபார்மேட் கட்டளை என்றாலே இந்தச் சொற்கள் கூடவே வரும். ஐநோட்டை இரட்டிப்பாக்கு, குறிப்புகள் எல்லாம் உள்ளேயே அடங்கும், டிஸ்க் ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் படித்துவிடும்! 2015இல் எக்ஸ்எஃப்எஸ் தன் பதிவுகளுக்குச் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்த புதிய வடிவத்தை வழக்கமாக்கியபோது, 512 பைட்டே எல்லோருக்குமான தொடக்க அளவாகிவிட்டது. அன்று இவர்கள் தனியாகக் கேட்டு வாங்கிய எண், இன்று கேட்காமலேயே எல்லோருக்கும் கிடைக்கிறது!

பெரியசாமி அதோடு நிற்கவில்லை. அடுத்து அவர் தொடங்கிய மினியோ சேமிப்பகமும் எக்ஸ்எஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்த டிஸ்க்குகளைத்தான் பரிந்துரைக்கிறது.

12 டிஸ்க், 10 பங்கு, 128 கேபி: கட்டளைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு!

ரெட் ஹேட்டின் கிளஸ்டர் கையேட்டில் இன்னொரு அற்புதம் உண்டு. 12 டிஸ்க்குகளை ரெய்டு 6 முறையில் கோத்தால், அவற்றில் 2 டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போகும். தரவுக்கு மிஞ்சுவது 10. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு தடவைக்கு 128 கேபி எழுதலாம் என்று வைத்தால், ஒரு முழு வரிசை 1,280 கேபி.

இந்த இரண்டு எண்களையும் ஃபார்மேட் கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும்: ‘எஸ்யு=128கே, எஸ்டபிள்யு=10’. சொன்னால் என்ன ஆகும்? பெரிய கோப்பை எழுதும்போது வரிசையின் எல்லையைப் பார்த்து எக்ஸ்எஃப்எஸ் இடம் ஒதுக்கும். சொல்லாவிட்டால்? எழுத்து வரிசைக்குக் குறுக்கே விழும். பாதி வரிசையை மாற்ற, பழையதைப் படித்து, பாதுகாப்புக் கணக்கை மறுபடி போட்டு, திரும்ப எழுத வேண்டும். டிஸ்க்குகள் அவையேதான், விலையும் அதேதான். இரண்டே எண்கள் தெரியாததால் வேகம் போய்விடும்!

10 ஜிபி இடத்தை நொடியில் ஒதுக்கும் வித்தை, இந்தியாவில் எழுதியது!

எக்ஸ்ட்4 பிறந்த கதையில் இந்தியாவின் பங்கு தெரியுமா? ஐபிஎம்மின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்துக்குப் பெங்களூருவில் ஒரு கிளை இருந்தது. 2007இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில், எக்ஸ்ட்4இன் நிலையையும் எதிர்காலத்தையும் விளக்கிய கட்டுரைக்கு ஆறு ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் பெங்களூரு ஐபிஎம்மின் சுபர்ணா பட்டாச்சார்யா!

அதே ஆண்டு அக்டோபரில் வந்த லினக்ஸ் 2.6.23இல் ‘ஃபாலோகேட்’ என்ற புதிய வசதி சேர்ந்தது. எழுதியவர் ஐபிஎம் இந்தியாவின் அமித் அரோரா. அதற்கு முன்பு எக்ஸ்ட் வகை டிஸ்க்கில் ஒரு கோப்புக்கு 10 ஜிபி இடம் பிடித்துவைக்க வேண்டும் என்றால், 10 ஜிபிக்கும் பூஜ்யமாக எழுதித் தீர்க்க வேண்டும். ஃபாலோகேட் வந்ததும் அந்த இடத்தை ‘ஒதுக்கியாயிற்று, இன்னும் எழுதவில்லை’ என்று குறித்துவிட்டால் போதும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது! டேட்டாபேஸ், வீடியோ பதிவு, டவுன்லோடு எல்லாவற்றுக்கும் இன்று உதவும் வசதி இது.

இது எப்படிச் சாத்தியமானது? எக்ஸ்ட்3 காலத்தில் 1 ஜிபி கோப்பு என்றால் 2,62,144 பிளாக்குகளையும் ஒவ்வொன்றாகக் குறித்துவைப்பார்கள். எக்ஸ்ட்4இலோ ‘இங்கிருந்து இத்தனை பிளாக்’ என்று ஒரே குறிப்பு. ஒரு குறிப்பு 128 எம்பி வரை தாங்கும். ஆகவே 1 ஜிபி கோப்பு தொடர்ச்சியாகக் கிடந்தால் வெறும் 8 குறிப்பு! இரண்டரை லட்சத்தைத் தாண்டிய கணக்கு ஒற்றை இலக்கத்தில் அடங்கிவிட்டது!

அப்படியானால் பழைய எக்ஸ்ட்3 டிஸ்க்குகளை எல்லாம் அழித்து மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! ஐபிஎம்மின் அனீஷ் குமார் 2007இல் எழுதிய நிரல், கோப்பின் தரவை அசைக்காமல் அதன் வரைபடத்தை மட்டும் புதிய முறைக்கு மாற்றி எழுதியது. டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே! லினக்ஸ் மூலநிரலில் அந்தக் கோப்பின் தலைப்பில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

ஐஐஎஸ்சி சூப்பர்கம்ப்யூட்டருக்கும் உங்கள் லேப்டாப்புக்கும் ஓர் உறவு!

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2015இல் ‘சஹஸ்ரடி’ சூப்பர்கம்ப்யூட்டர் வந்தது. அதன் சேமிப்பகம் 2 பெட்டாபைட், அதாவது உங்கள் 1 டிபி டிஸ்க் போல இரண்டாயிரம்! அதை ஆண்டது லஸ்டர் என்னும் கோப்பு முறைமை.

இந்த லஸ்டர், தன் சர்வர்களின் டிஸ்க்குகளை எப்படி ஃபார்மேட் செய்யும் தெரியுமா? அதன் இரண்டு வழிகளில் ஒன்று, எக்ஸ்ட்4ஐயே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்துவது. அந்த வழியில் ‘எம்கேஎஃப்எஸ்.லஸ்டர்’ என்று தட்டினால், உள்ளுக்குள் ஓடுவது நாம் வீட்டில் தட்டும் அதே எக்ஸ்ட் கட்டளை!

உறவு மறுதிசையிலும் உண்டு. பல பிளாக்குகளைச் சேர்த்துக் கொத்தாக ஒதுக்கும் நுட்பமும், தொடர்ச்சியான இடத்தை ஒரே குறிப்பில் அடக்கும் நுட்பமும் லஸ்டருக்காக எழுதப்பட்டு, பிறகு எக்ஸ்ட்4க்குள் வந்தவை. சூப்பர்கம்ப்யூட்டருக்காகச் செய்த வேலை, 2010 இறுதியில் வந்த நெக்ஸஸ் எஸ் ஃபோன் முதல் கோடிக்கணக்கான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் குடியேறிவிட்டது!

3, 5, 7: டிஸ்க்கைக் காப்பாற்றும் மூன்று எண்கள்!

கோப்பு முறைமையின் உயிர்நாடி ‘சூப்பர்பிளாக்’. டிஸ்க் என்ன அளவு, எத்தனை ஐநோட், எந்தெந்த வசதிகள் என்ற மூல விவரமெல்லாம் அதில்தான். அது கெட்டுப்போனால்? நகல்கள் உண்டு! எங்கே தெரியுமா?

எக்ஸ்ட்4 டிஸ்க்கை 128 எம்பி கொண்ட குழுக்களாகப் பிரிக்கிறது. 1ஆம் குழுவிலும், 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளான குழுக்களிலும் நகல் இருக்கும். அதாவது 1, 3, 5, 7, 9, 25, 27, 49, 81... எல்லாக் குழுவிலும் வைத்தால் இடம் வீண். ஒரே பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் அடிபட்டால் எல்லாம் போச்சு. அடுக்குகளாக வைத்தால் டிஸ்க் முழுக்கப் பரவலாகவும் இருக்கும், எண்ணிக்கையும் பெருகாது!

பிளாக் எண்ணில் சொன்னால் முதல் நான்கு: 32768, 98304, 163840, 229376. டிஸ்க் திறக்க மறுக்கும் நாளில், சரிசெய்யும் கட்டளையிடம் ‘-பி 32768’ என்று சொன்னால், அந்த நகலை எடுத்துக்கொண்டு அது மீட்புப் பணியில் இறங்கிவிடும். எத்தனையோ பேரின் டிஸ்க்குகள் இந்த ஓர் எண்ணால் பிழைத்திருக்கின்றன!

‘கோவை’ அடங்கும், ‘சென்னை’ அடங்காது!

ஃபார்மேட் செய்யும்போதே டிஸ்க்குக்குப் பெயர் வைக்கலாம். தமிழிலும் வைக்கலாம்! ஆனால் நீளம் எழுத்துக் கணக்கில் இல்லை, பைட் கணக்கில். எக்ஸ்ட்4க்கு 16 பைட், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு 12 பைட்.

யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்; கொம்புக்கும் புள்ளிக்கும்கூடத் தனித்தனியே 3! இப்போது கணக்குப் போடுங்கள். ‘கோவை’ 12 பைட், எக்ஸ்எஃப்எஸ்ஸில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்! ‘மதுரை’ 15 பைட், எக்ஸ்ட்4இல் அடங்கும். பெங்களூருவுக்குப் பக்கத்து ‘ஓசூர்’ அதே 15, அதுவும் அடங்கும். ‘சென்னை’ 18 பைட், கடைசி ஐகாரம் பாதியில் வெட்டுப்படும். ‘பெங்களூரு’ பார்க்க ஐந்தெழுத்துதான். பைட்டோ 27! கன்னடத்துக்கும் இதே 3 பைட் கணக்குதான்.

கோப்பின் பெயருக்கு எக்ஸ்ட்4இல் 255 பைட் வரை இடம். தமிழ் என்றால் 85 குறிகள். நீளமான தலைப்புகளைக் கோப்புப் பெயராக வைக்கும் தமிழ் எழுத்தாளர்களே, கவனம்!

ஒரே டைரக்டரியில் இரண்டு ‘கொடி’ இருக்கலாம், தெரியுமா?

இதைக் கேட்டால் காதையே நம்ப மாட்டீர்கள். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பைட்டோ வேறு வேறு!

எக்ஸ்ட்4 சாதாரணமாகப் பெயரைப் பைட் வரிசையாக மட்டுமே பார்க்கும். ஆகவே ‘கொடி’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே டைரக்டரியில் அருகருகே நிற்க முடியும்!

இதற்கும் மருந்து ஃபார்மேட் கட்டளையிலேயே உண்டு. 2019 ஜூலையில் வந்த லினக்ஸ் 5.2இல் எக்ஸ்ட்4க்கு ‘கேஸ்ஃபோல்டு’ வசதி சேர்ந்தது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்காக வந்தது. ஆனால் யூனிகோடின் சமன்பாட்டு விதிகளையும் அது கடைப்பிடிப்பதால், இந்த வசதியை இயக்கிய டைரக்டரியில் இரண்டு ‘கொடி’யும் ஒன்றே! பெரிய எழுத்தே இல்லாத தமிழுக்கும் இந்த வசதியால் பெரிய நன்மை!

உங்கள் டிஸ்க்கின் நாள்காட்டி எந்த ஆண்டில் முடியும்?

128 பைட் ஐநோட்டோடு ஃபார்மேட் செய்த பழைய எக்ஸ்ட் டிஸ்க்குகளில் தேதி 2038 ஜனவரி 19ஆம் நாளோடு தீர்ந்துவிடும்! 32 பிட் எண்ணில் விநாடிகளை எண்ணுவதால் வந்த எல்லை அது. 256 பைட் ஐநோட் என்றால்? கூடுதல் இடத்தில் சில பிட்கள் தேதிக்கும் கிடைக்கின்றன. எல்லை ஒரே தாவலில் 2446! எக்ஸ்எஃப்எஸ்ஸில் ‘பிக்டைம்’ வசதியோடு ஃபார்மேட் செய்தால் 2486! ஓர் ஐநோட்டுக்கு 128 பைட் கூடுதலாகக் கொடுத்ததில் நானூறு ஆண்டுக்கு மேல் ஆயுள்!

ஃபார்மேட்டைத் திரும்பப் பெறலாம், தெரியுமா?

என்டர் தட்டிய அடுத்த கணம் ‘ஐயோ, தப்பான டிஸ்க்!’ என்று அலறியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே எக்ஸ்ட் கட்டளையில் ஒரு வசதி உண்டு. ‘-இஸட்’ என்று ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்தால், எதையெல்லாம் அழித்து எழுதப்போகிறதோ அதன் பழைய உள்ளடக்கத்தை அந்தக் கோப்பில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் எழுதும். பிறகு ‘இ2அன்டூ’ என்ற கட்டளையால் பழைய நிலைக்குத் திரும்பலாம்! எஸ்எஸ்டி என்றால் டிஸ்கார்டு வேண்டாம் என்றும் கட்டளையிலேயே சொல்லிவிடுவது பாதுகாப்பு.

இன்னும் நல்லது, தட்டும் முன்பே பார்த்துவிடுவது. ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ என்றால் எந்தப் பார்ட்டிஷனில் என்ன இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். எக்ஸ்ட் கட்டளையோடு ‘-என்’ சேர்த்தால், எதையும் எழுதாமல், ‘எழுதினால் இப்படி இருக்கும்’ என்று மட்டும் சொல்லும்! எக்ஸ்எஃப்எஸ்ஸோ, ஏற்கெனவே ஒரு கோப்பு முறைமை இருந்தால், நீங்கள் ‘-எஃப்’ என்று வற்புறுத்தாதவரை ஃபார்மேட் செய்ய மறுத்துவிடும். காவல்கள் எல்லாம் இருக்கின்றன, அவற்றை மதிக்கும் பொறுமைதான் நமக்கு வேண்டும்!

டிஸ்க் இல்லாமலே ஃபார்மேட் செய்து பழகலாம்!

பெங்களூருவில் 2001இல் ‘லினக்ஸ் பெங்களூர்’ மாநாட்டைத் தொடங்கினார்கள். 2005 முதல் அது ஃபாஸ்.இன் ஆனது. மாணவர்களும் கர்னல் எழுதுபவர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, கேட்டும் செய்தும் கற்றார்கள். அப்படிக் கற்பதற்கு இன்று உங்களுக்குத் தனி டிஸ்க் கூடத் தேவையில்லை!

‘ட்ரங்கேட் -எஸ் 1ஜி சோதனை’ என்று தட்டுங்கள். 1 ஜிபி அளவில் ‘சோதனை’ என்ற காலிக் கோப்பு உருவாகும். அதையே டிஸ்க்காக நினைத்து ‘எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ட்4 சோதனை’ என்று தட்டுங்கள். அந்தக் கோப்புக்குள்ளேயே ஒரு முழு கோப்பு முறைமை எழும்! திரையைப் பாருங்கள். சூப்பர்பிளாக் நகல்கள் என்று நான்கு எண்கள் தெரியும்: 32768, 98304, 163840, 229376. ஐநோட் எண்ணிக்கை 65,536 என்றிருக்கும். இப்போது ‘நியூஸ்’ வகை என்று சொல்லி மறுபடி ஃபார்மேட் செய்யுங்கள், அது 2,62,144 ஆகும். ‘லார்ஜ்ஃபைல்’ என்று சொல்லுங்கள், சில ஆயிரத்துக்குள் சுருங்கிவிடும். பெயராக ‘மதுரை’ வைத்துப் பாருங்கள், ‘சென்னை’யும் வைத்துப் பாருங்கள். தப்பானால் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், நஷ்டம் ஒரு பைசாகூட இல்லை!

அப்படிப் பழகியவர் அடுத்த முறை உண்மையான டிஸ்க்கின் முன் உட்காரும்போது, என்டர் விசையைத் தொடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வார். இதில் வைக்கப்போவது பெரிய கோப்புகளா, சின்னக் கோப்புகளா? எத்தனை ஆண்டுக்கு? பின்னால் சுருக்க வேண்டியிருக்குமா? பதில்கள் தெரிந்துவிட்டால் கட்டளை தானாக எழுதிக்கொள்ளும். பெங்களூருவின் பொறியாளர்கள் 256ஐ 512 ஆக்கியபோது கேட்டதும் இதே கேள்வியைத்தான்: இந்த டிஸ்க் எதைச் சுமக்கப்போகிறது? அந்தக் கேள்வியைக் கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். இன்றைக்கே கேளுங்கள்!